கட்டும் கொக்கியும்

“படிவங்களை வெளிய எடுங்க மேடம். நான் பார்க்கணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா நேற்று சாயந்திரமே சொல்லியிருந்தாள். அவித்த உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே மூன்று முறை சொன்னாள். “பேரு ஒட்டியாச்சு, விட்டுடு. நீ அங்க வேலை பார்க்கிறவ. கட்டின மூட்டையைப் பிரிங்கன்னு கேட்டா, கட்டினவனைத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

கழிவுத்தாள் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பிரிக்கிறவள் அம்மா. கொட்டகையில் அது சட்டம். மற்றவன் கட்டிய மூட்டையைப் பிரிக்கச் சொன்னால் அன்றைக்குச் சண்டைதான். அந்தச் சட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் அவள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தாள். யாரும் கட்டிக் கொடுத்ததை எங்கேயும் பிரித்துப் பார்த்ததில்லை.

படிவத்தைக் கேட்ட மூத்த மகள் பெரியவள், தங்கை படிக்கிற பள்ளியிலேயே ஒரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. கொட்டகை வரிசை வீடுகளிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தால் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு நிறுத்துவார். “இவ அம்மா இன்னும் பேப்பர்தான் பொறுக்குறாங்க” என்பார் பெருமையாக. பொறுக்குவதில்லை, தரம் பிரிக்கிறார் என்று திருத்த நாக்கு துடிக்கும். சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சிரிப்பும் வேலையில் சேர்த்தி.

நேற்று மதியம் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் யார் பொதுப்பாடம், யார் கைத்தொழில் என்று. கைத்தொழிலில் இருபத்தொரு பேர். அதில் பதினைந்து பேர் கொட்டகை வரிசை. வரிசையில் எட்டு முடித்த பிள்ளைகளே மொத்தம் பதினைந்துதான். பதினோராவது பெயர் அவள் தங்கை. கைத்தொழிலுக்குப் போனால் கணக்கு கிடையாது, அறிவியல் கிடையாது. கல்லூரி வாசலை ரோட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். சின்னவள் கணக்கில் வகுப்பிலேயே முதல்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற முதல் வேலை அது.

“எதுக்கு?”

“எங்க வரிசைல பதினஞ்சு பேரும் கைத்தொழில் வேணும்னு கேட்டிருக்காங்கன்னு போட்டிருக்கு. ‘பெற்றோர் விருப்பப்படி’ன்னு தலைப்பு. அந்த விருப்பத்தைப் பார்க்கணும்.”

“நாங்க பொய் சொல்றோம்கிறியா?”

“பார்க்கணும்கிறேன் மேடம்.”

மூலையில் பச்சை ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்த கிளார்க், யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து பீரோவைத் திறந்துவிட்டார். திறந்த பிறகு திறந்திருக்கக் கூடாதோ என்று தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும், நூல் போட்ட கட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

மேலேயே கொட்டகை வரிசைப் படிவங்கள். மற்ற படிவங்களெல்லாம் நீலப் பேனாவில் மெல்லிசாக இருந்தன. இந்தப் பதினைந்தும் தடித்த கறுப்பு மையில், பின்பக்கம் வரை ஊறி, எண்ணெய் வாசனையோடு இருந்தன. கொட்டகையில் மூட்டைமேல் எழுதுகிற மார்க்கர் அது. படிவத்தில் இரண்டே கட்டம். ‘பொதுப்பாடம்’ என்ற கட்டத்தில் பெருக்கல் குறி. ‘கைத்தொழில்’ என்ற கட்டத்தில் சரி குறி. பதினைந்திலும் அப்படியே.

“பார்த்தியா? இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும் உனக்கு?” என்றார் தலைமையாசிரியை. “பொதுப்பாடம் வேண்டாம்னு அடிச்சிருக்காங்க. கைத்தொழில்ல டிக் போட்டிருக்காங்க. உங்க அம்மாவும்தான்.”

பெரியவள் மேல் படிவத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறந்ததிலிருந்து பார்த்த குறிகள். கொட்டகையில் ஒரு மூட்டை சரியாக இருந்தால் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு இறுக்கி, கயிறு போன மாதிரியே மேலே ஒரு பெருக்கல் போடுவார்கள். அதற்குப் பேர் ‘கட்டு’. தேறியது, அனுப்பு என்று அர்த்தம். உள்ளே கலப்படம் இருந்தால், தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு. அது ‘கொக்கி’. இது வேண்டாம், இழுத்துப்போடு என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் சரி என்பது அங்கே கொக்கி. ஊருக்கெல்லாம் தப்பு என்பது அங்கே கட்டு.

“இது வேண்டாம்னு அடிச்சது இல்ல மேடம். இதுதான் வேணும்னு கட்டினது” என்றாள். சொல்லி விளக்கினாள்.

தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நியாயமான மனுஷிதான். பெரியவளுடைய கல்லூரி விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்ததும் இதே கைதான்.

“சரி. தப்பு நடந்திருக்கலாம். ஆனா படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து விளக்கிச் சொல்லிட்டு வான்னு அனுப்பினது உன்னைத்தானே? உன் ஆளுங்க, உன் பேச்சைக் கேட்பாங்கன்னுதானே அனுப்பினேன்? நீ என்ன சொன்னே?”

என்ன சொன்னாள்? போன மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். கொட்டகைக் குழாயடியில் சேறு. காலில் புதுச் செருப்பு. சேற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, “எல்லாரும் வேண்டியதுல குறி போட்டுக் குடுங்க, சீக்கிரம், எனக்கு மணி அடிச்சிடும்” என்றாள். அவ்வளவுதான். எந்தக் குறி என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. குறி போடச் சொன்னால் போடத் தெரியாதவர்களா அவர்கள்? ஒரு நாளைக்கு நூறு போடுகிறவர்கள்.

வாங்கி, மடித்து, பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமா? நாலு வருஷம் கல்லூரியில் உட்கார்ந்து எழுந்ததில் அவளுக்கும் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு என்று ஆகிவிட்டிருந்தது.

“குறி போடுங்கன்னு மட்டும் சொன்னேன்” என்றாள்.

“ம்.” தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இங்க பாரு. பட்டியல் சாயந்திரம் நாலு மணிக்கு மேலிடத்துக்குப் போகுது. கைத்தொழில் பிரிவு நான் நாலு வருஷம் அலைஞ்சு வாங்கினது. தையல் மெஷின், மின்சார வேலைக்கு மேஜை, எல்லாம் வந்து இறங்கியாச்சு. இருபது பேர் இல்லைன்னா பிரிவையே எடுத்துடுவாங்க. இப்ப இருபத்தொண்ணு இருக்கு. ஒண்ணு குறைஞ்சா தாங்கும். உன் தங்கச்சியை எனக்குத் தெரியும், அவ படிக்கிற பொண்ணு. புதுப் படிவம் தர்றேன். உங்க அம்மாகிட்ட சரியா போட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வா.”

“மத்தவங்க?”

“மத்த பதினாலு பேருக்கு, ‘பெற்றோருக்கு விளக்கிச் சொல்லப்பட்டது’ன்னு கொடுத்த ஆசிரியை கையெழுத்துப் போடணும். அது நீ.”

“நான் விளக்கலையே மேடம்.”

“உங்க வரிசைல இருந்து போன மூணு வருஷத்துல எட்டு முடிச்சவங்க எத்தனை பேரு, பத்து வரைக்கும் வந்தவங்க எத்தனை பேரு? நான் சொல்லட்டுமா? முப்பத்தொண்ணு. நாலு. மீதி எல்லாம் கொட்டகைல நிக்குது. அதுக்குக் கையில ஒரு தொழிலோட போனா என்ன தப்பு? படிப்புன்னா புத்தகம் மட்டும்தானா? கைவேலைன்னா உனக்கு இளக்காரமா?”

“இளக்காரம் இல்ல. நல்லதுன்னா எல்லாருக்கும் நல்லதுதானே? வசதியான மேட்டுத்தெருவுல இருந்து ஒரு பிள்ளைகூட அந்த மேஜைக்கு வரலையே.”

“அது அவங்க விருப்பம்.”

“இதுவும் எங்க விருப்பம்தான் மேடம். நாங்க எழுதினோம். படிச்சவங்க தலைகீழாப் படிச்சிருக்கீங்க. பதினஞ்சு பேரும் படிப்பு வேண்டாம்கிறாங்களேன்னு ஒருத்தருக்குமா சந்தேகம் வரலை? மேட்டுத்தெருவுல பதினஞ்சு பேர் இப்படிப் போட்டிருந்தா?”

கிளார்க் இருமினார். தலைமையாசிரியை புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“மதியம் உனக்கு வகுப்பு இல்ல. நாலு மணி.”

* * *

கொட்டகைக்குப் போகிற வழியில் வானம் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. மழை வந்தால் தாளுக்குச் சாவு. நனைந்த தாள் எந்தத் தாளாக இருந்தாலும் மூன்றாம் தரம். அதனால் மேகம் கூடினாலே கொட்டகையில் யாரும் நடப்பதில்லை, ஓடுவார்கள்.

அம்மா குவியலின் முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தாளைப் பார்ப்பதில்லை. ஓரத்தைச் சுண்டிக் கிழிப்பாள், சத்தம் போதும். வெள்ளைத்தாள் ‘சர்’ என்று போகும், வழவழப்புத் தாள் இழுபடும், மெழுகு பூசினது சத்தமே போடாது. வலது பக்கம் வெள்ளை, இடது பக்கம் அச்சு, பின்னால் அட்டை. உறைகளில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலை நகத்தால் பிய்த்து மடியில் போட்டுக்கொள்வாள். இரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் சின்னவள் பள்ளிச் சீருடையோடு தாள்கட்டின் மேல் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக்கு இப்போது அரை நாள்தான், மதியம் கொட்டகைப் பிள்ளைகளெல்லாம் இங்கேதான் வருவார்கள்.

“வாங்க டீச்சரம்மா!” என்றாள் எதிர்க் குவியலிலிருந்து ரேடியோ. விடிந்தால் ஆரம்பித்து மணி அடிக்கிற வரை பேசுகிறவள் என்பதால் அந்தப் பேர். “செருப்பைக் கழட்டி வெளியவே வச்சுட்டு வா. எங்க சேறு உன் காலைப் பார்த்துக் கூச்சப்படுது.”

பெரியவள் செருப்போடு சேற்றில் இறங்கி நடந்துவந்தாள்.

“அத்தை, நான் அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்.”

“பேசு, பேசு. நான் காதைப் பொத்திக்கிறேன். வாயைத்தான் பொத்த வராது.”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்து, கட்டுகளை அடுக்கி வைத்திருந்த சந்துக்குள் போனாள். சின்னவளும் வாயில் முட்டையோடு பின்னாலேயே வந்தாள்.

“கேட்டுட்டியா?” என்றாள் அம்மா.

“கேட்டேன்.”

“கேக்காதேன்னேனே.”

“அம்மா, படிவத்துல நீ என்ன போட்டே?”

“என்ன போடுவேன்? படிப்புல கட்டு போட்டேன். தொழில்ல கொக்கி போட்டேன். ரேடியோகூட, ‘அக்கா, உன் கட்டு கோணலா இருக்கு’ன்னா. அழுத்தி இன்னொரு தரம் போட்டேன்.”

பெரியவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அம்மாவின் கை தன்பாட்டில் மடியில் இருந்த பிளாஸ்டிக் ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது.

“விடைத்தாள் மூட்டை இங்கதான் வருது. சிவப்பு மையில பெருக்கல் போட்டா தப்புன்னு எனக்கும் தெரியும்” என்றாள் அம்மா மெதுவாக. “ஆனா அது வாத்தியார் போடுறது. கறுப்பு மையில நாம போட்டா கட்டுதானே?”

“பேரு மாறி வந்ததும் ஏம்மா நீ ஒரு வார்த்தை கேக்கலை? பதினஞ்சு வீட்டுல ஒரு வீடு கேக்கலையே!”

“எதைக் கேக்கிறது? அவங்க கேட்டாங்க, நாம சொன்னோம், அவங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கிட்டாங்கன்னு நினைச்சோம். இதுல புதுசா என்ன இருக்கு?”

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இவர்கள் கேட்டதைப் பள்ளிக்கூடம் கொடுக்காது என்பது இவர்களுக்கு ஆச்சரியமில்லை. இவர்கள் படிப்பு வேண்டாம் என்பார்கள் என்பது பள்ளிக்கூடத்துக்கு ஆச்சரியமில்லை. இரண்டு பக்கமும் ஆச்சரியப்படாததில் மாட்டிக்கொண்டது பதினைந்து பிள்ளைகள். அவள் கத்தவில்லை. தானும் நேற்று வரை ஆச்சரியப்படவில்லையே.

புதுப் படிவத்தை எடுத்தாள். ஒன்றுதான் என்பதையும், எதற்குப் பதிலாக என்பதையும் சொன்னாள்.

அம்மா சந்து வாசலை எட்டிப் பார்த்தாள். ரேடியோவின் குரல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. “மெதுவா பேசு. அவ காதுல விழப்போகுது” என்று சொல்லிவிட்டுப் பேனா வாங்கினாள். “எங்க? எந்தக் குறி? நீயே காட்டு.”

“அம்மா, அவ பொண்ணும் அந்தப் பதினாலுல இருக்கா.”

“தெரியும்டி. அவ பொண்ணு என் மடியிலதான் மூணு மாசம் பால் குடிச்சா. காட்டு.”

காட்டினாள். அம்மா பொதுப்பாடக் கட்டத்தில் கொக்கி போட்டாள். கை பழக்கமில்லாமல் திணறியது. வேண்டாம் என்பதற்குப் போடுகிற குறியை வேண்டும் என்று போட்டாள். கீழே எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினாள்.

“இப்ப என் பேரு கணக்குல இருக்கா?” என்றாள் சின்னவள்.

“நான் அந்த இன்னொரு தாள்ல கையெழுத்துப் போட்டா.”

“போடு.”

“பொய் அது. விளக்கினேன்னு எழுதணும்.”

“நீதானே விளக்காம விட்டே? உன் தப்புக்கு நானா விலை கொடுக்கிறது?” சின்னவள் படிவத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. “உனக்கென்ன, உன் பட்டம் சுவத்துல தொங்குது. நீ நியாயம் பேசலாம். எனக்கு அந்த இடம் வேணும்க்கா. எனக்குக் கணக்கு வேணும்.”

“உன் பக்கத்துல உட்காருறாளே ரேடியோ அத்தை மக? அவளுக்கு?”

“அவளுக்கும் வேணும்தான். அவ அக்கா டீச்சர் இல்லையே, நான் என்ன பண்ண?”

பதினாலு வயதில் இதைவிட நேராக யாரும் பேச முடியாது. இதைக் கற்றுக்கொடுத்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை, அறிவிப்புப் பலகை. ஒருத்திக்குத்தான் வழி என்று காட்டினால் எந்தப் பிள்ளையும் முதலில் தன் காலைத்தான் பார்க்கும்.

அப்போது தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

“மழை! மழை!” என்று நாலு பக்கமும் குரல். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். வெளியே அடுக்கியிருந்த மூட்டைகளை உருட்டி உள்ளே தள்ளினார்கள். பெரியவள் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மூட்டையின் காதைப் பிடித்தாள். மறு காதை ரேடியோ பிடித்தாள்.

“பட்டதாரி கையா இது? பஞ்சு மாதிரி இருக்கு. தூக்குடி!”

தூக்கினார்கள். உள்ளே அப்பா முழங்காலால் மூட்டையை அமுக்கிக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கட்டுகிறவர். காலையிலிருந்து வெள்ளைத்தாளில் எட்டு மூட்டை கட்டிப் பெருக்கல் போட்டு அடுக்கியிருந்தார். ஒன்பதாவதுக்கு ஒரு கை அள்ளியவர் நின்றார். ஒரு தாளை உருவிச் சுண்டினார். சத்தம் வரவில்லை. இன்னொன்றைச் சுண்டினார். அதுவும் ஊமை.

“அடச்சே. மெழுகுத்தாளு” என்றார். குவியலை ஒருமுறை பார்த்தார். பிறகு கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, “கொக்கி! என் கை! காலையில இருந்து கட்டினது எட்டும் கொக்கி!” என்றார்.

கொட்டகையில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு மூட்டையில் தப்பு தெரிந்தால், அன்றைக்கு அந்தக் கை கட்டியது அத்தனையும் பிரிக்க வேண்டும். காலை முழுதும் பார்த்த வேலை போச்சு.

“யோவ், உனக்குப் பைத்தியமா?” என்றாள் ரேடியோ. “யாரும் பார்க்கலையே. மழைல யாரு பார்க்கப் போறாங்க? வாயை மூடிக்கிட்டு அந்த ஒண்ணை மட்டும் மாத்திக் கட்ட வேண்டியதுதானே?”

“நாளைக்கு ஆலைல கூழைக் கலக்குறப்ப மெழுகு மிதக்கும். அப்ப ஆலைக்காரன் வந்து என்னைத் திருடன்னுவான். இப்ப நானே சொன்னா வெறும் முட்டாள்னுதான் சொல்வான்.” அப்பா கத்தியை எடுத்து முதல் மூட்டையின் கயிற்றை அறுத்தார். “முட்டாள்னு கேக்குறது பழகிப்போச்சு. உன்கூட இருபது வருஷம் வேலை பார்க்கிறேன்ல?”

“பார்த்தியாக்கா, வேலையும் கெடுத்துட்டு வாயையும் பாரு!” என்று அம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டே ரேடியோ இரண்டாவது மூட்டையை இழுத்துப்போட்டுப் பிரிக்க உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மற்றவர்களும் ஆளுக்கொரு மூட்டையாக இழுத்தார்கள்.

பெரியவள் அறுந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவன் கட்டினதைப் பிரிக்கச் சொல்லக் கூடாது. அம்மா சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பதினைந்து படிவத்தையும் கட்டியது தலைமையாசிரியை இல்லை. சேற்றுக்கு இந்தப் பக்கம் புதுச் செருப்போடு நின்றது யார்? யாருடைய கை அது?

“அத்தை” என்றாள்.

“என்னடி?”

“உங்க பொண்ணுக்குப் படிப்புலதானே கட்டு போட்டீங்க?”

அம்மா நிமிர்ந்தாள். கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

“பின்ன? தொழிலுக்கா போடுவேன்? இங்க இருக்கிற தொழில் போதாதா?”

“அந்தக் கட்டைப் பள்ளிக்கூடத்துல ‘வேண்டாம்’னு படிச்சுட்டாங்க. எல்லாருதையும் அப்படித்தான். எந்தக் குறி போடணும்னு நான்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன். நாலு மணிக்குப் பட்டியல் போகுது.”

ரேடியோ வாயைத் திறந்தபடி இருந்தாள். சத்தம் வரவில்லை. கொட்டகையில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை, மழை மட்டும் தகரத்தில் கொட்டியது.

“உன் தங்கச்சிக்கு?” என்றாள் கடைசியில்.

“ஒரு படிவம் கொடுத்தாங்க. அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. பையில இருக்கு.”

ரேடியோ அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்து ஒரு தாளைச் சுண்டினாள். அது எந்தத் தரம் என்று அவளுக்கே கேட்டிருக்காது.

“ஏன்க்கா,” என்றாள் ரேடியோ. “சந்துக்குள்ள போயா கையெழுத்துப் போட்டே? இங்கேயே போட்டிருக்கலாம்ல? நான் என்ன பிடுங்கியா தின்னுருப்பேன்?”

ரேடியோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “மணி என்ன இப்ப?”

“மூணே கால்.”

“அப்ப இங்க ஏன் நிக்கிறே, போஸ் கொடுக்கவா?” என்றாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி ஒலிபரப்பை ஆரம்பித்தாள். “எல்லாரும் கேளுங்க! எட்டாவது முடிச்ச பிள்ளை யார் யார் வீட்டுல இருக்கோ அவங்க கொஞ்சம் இங்க வாங்க! மூட்டையை அப்புறம் பிரிக்கலாம்!”

வாசலில் சின்னவள் பையின் வாரைப் பிடித்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

“என் படிவத்தைக் கொடுப்பியா, மாட்டியா?”

“உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

சின்னவள் கொஞ்ச நேரம் வாரை விடவில்லை. பிறகு விட்டாள். “போ” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அனுமதி இல்லை. பெரியவளுக்கும் அது தெரியும்.

* * *

அலுவலகத்துக்குள் நுழைகிறபோதே அவள் தன் வகுப்பு அலமாரிச் சாவியைக் கிளார்க்கின் மேஜைமேல் வைத்தாள். அவர் சாவியைப் பார்த்தார், சேறு அப்பிய அவள் கால்களைப் பார்த்தார்.

“வா, வா. மழைல நனைஞ்சுட்டியே” என்றார் தலைமையாசிரியை. குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. “அம்மா போட்டாங்களா?”

“போட்டாங்க.”

“நல்லது. இதுல ஒரு கையெழுத்து.”

அச்சடித்த தாள். ‘மேற்கண்ட விவரங்கள் பெற்றோருக்கு விளக்கப்பட்டன / விளக்கப்படவில்லை. தேவையற்றதை அடிக்கவும்.’ பதினான்கு பெயர்களும் மேலே தட்டச்சு செய்யப்பட்டிருந்தன.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அடிக்க வேண்டுமாம். இதில் ஒரு குறி போட்டால் அதை யார் எப்படிப் படிப்பார்கள்? பேனாவை எடுத்தாள். குறி போடவில்லை. இரண்டு சொற்களுக்கும் கீழே இருந்த வெற்றிடத்தில், குழந்தைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற உருண்டை எழுத்தில் எழுதினாள்:

‘நான் யாருக்கும் விளக்கவில்லை. பெற்றோர் பதினைந்து பேரும் பொதுப்பாடமே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் போட்ட குறிக்கு அர்த்தம் வேறு என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது என் தவறு. பதினைந்து படிவங்களும் செல்லாது. மறுபடி கேட்க வேண்டும்.’

கீழே கையெழுத்து, தேதி, நேரம். மூன்று ஐம்பது.

தலைமையாசிரியை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

“இதை வச்சுக்கிட்டு நான் பட்டியல் அனுப்ப முடியாது. புரியுதா உனக்கு?”

“புரியுது மேடம்.”

“பிரிவு போயிடும். அந்த மெஷின் எல்லாம் வண்டில ஏத்திட்டுப் போயிடுவாங்க. நாலு வருஷம்!”

“எல்லாத் தெருவுலயும் கேளுங்க மேடம். விளக்கிக் கேளுங்க. யாருக்காவது உண்மையிலேயே பிடிக்கும்.”

“கடமையில தவறினேன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்கே. உன் வேலை என்ன ஆகும்னு தெரியுமா? உங்க வரிசையில முதல் ஆளு நீ. உன்னைப் பார்த்து நாளைக்கு வரவேண்டியவங்க…”

“சாவியைக் கொடுத்துட்டேன் மேடம். கிளார்க் அண்ணன்கிட்ட இருக்கு.”

தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்தார். சட்டென்று வயதானவராகத் தெரிந்தார். “உன் தங்கச்சியை நினைச்சியா? பதினஞ்சும் செல்லாதுன்னா அவளுதும் செல்லாது. மறுபடி கேக்கும்போது மேலிடத்துல என்ன சொல்வாங்களோ, யாருக்கு இடம் கிடைக்குமோ, என் கையில இல்ல. அந்தப் படிவத்தையாவது கொடு. அவளை மட்டுமாவது இன்னிக்கே சேர்த்துடறேன்.”

பை தோளில் கனத்தது. ஒரே ஒரு தாள். மழையில் நனையாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவின் திணறிய கொக்கி அதில் காய்ந்திருந்தது. வாரைப் பிடித்த சின்னவளின் விரல் ஈரம் இன்னும் அங்கே இருப்பது போல இருந்தது.

“பதினஞ்சையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்” என்றாள். “அண்ணே, வெத்துப் படிவம் பதினாலு கொடுங்க.”

கிளார்க் தலைமையாசிரியையைப் பார்க்கவில்லை. பச்சை ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, எச்சில் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மேலும் இரண்டு வைத்தார். “யாராவது தப்பாப் போட்டுட்டா வேணும்ல” என்றார்.

அவள் தாள்களை வாங்கி அம்மாவின் படிவத்தோடு சேர்த்து வைத்தாள்.

“நில்லு. நான் உன்னைப் போகச் சொல்லலை” என்றார் தலைமையாசிரியை.

“தெரியும் மேடம்” என்று சொல்லிவிட்டு, தரையில் தன் சேற்றுக் கால்தடங்கள் உள்ளே வந்த வழியிலேயே பெரியவள் வெளியே நடந்தாள்.